அருவி ஊரில் நனையக் கூடாத நடராஜர்!

குற்றாலநாதருக்குச் சளி பிடிக்குமா? பிடிக்கும் என்றுதான் ஊர் நம்புகிறது. பக்கத்திலேயே பேரருவி கொட்டுகிறது. சாரல் காலத்தில் கோயில் பிராகாரக் கல் காய்வதே இல்லை. இப்படிக் குளிரிலும் ஈரத்திலும் இருக்கும் சுவாமிக்கு இரவு பூஜையில் சுக்கு முதலிய சரக்குகள் சேர்த்த கஷாயத்தை நைவேத்தியமாகப் படைப்பார்கள். அகத்தியர் தலையில் கை வைத்து அழுத்தித் திருமாலைச் சிவலிங்கமாக மாற்றியதால் சுவாமிக்குத் தலைவலி வந்தது என்றும் ஒரு கதை உண்டு. அதற்காகப் பல மூலிகைகள் போட்டுக் காய்ச்சிய தைலத்தால் அபிஷேகம் நடக்கிறது.

கல்லால் ஆன சுவாமிக்கே கஷாயமும் தைலமும் தேவைப்படுகிற ஊர் இது. அப்படியென்றால் மரத்தால் ஆனவற்றின் நிலை? வீட்டு வாசல் கதவு, தாத்தா உட்கார்ந்த சாய்வு நாற்காலி, கோயில் தேர், செப்புக் கூரையைத் தாங்கி நிற்கும் சட்டங்கள் எல்லாம் இந்த ஈரத்தில் என்ன பாடுபடும்? குளித்துவிட்டு, மிளகாய் பஜ்ஜி சாப்பிட்டுவிட்டு, பழத் தோட்டத்து ரம்புட்டானும் மங்குஸ்தானும் வாங்கிக்கொண்டு ஊர் திரும்புகிறவர்களுக்கு இந்தக் கேள்வி எழாது. இங்கேயே குடியிருப்பவர்களுக்கு ஆண்டுக்கு இரண்டு முறை எழும்.

ஆனியில் இறுகும் கதவு

குற்றாலத்தில் மழைக்காலம் இரண்டு. ஜூன் மாதத்தில் கேரளத்தில் தொடங்கும் தென்மேற்குப் பருவமழை, ஆரியங்காவு, செங்கோட்டை கணவாய் வழியாகக் காற்றோடு இந்தப் பக்கமும் எட்டிப் பார்க்கும். அதுதான் சாரல். மழை என்று சொல்ல முடியாது, வெயில் என்றும் சொல்ல முடியாது. முகத்தில் பூவாக விழும். ஆனி, ஆடி, ஆவணி என்று சீசன் ஓடும். அது ஓய்ந்து மூச்சு விடுவதற்குள் ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை வந்துவிடும். இந்த இரண்டாவது மழை சாரல் இல்லை, அடைமழை. மரம் நன்றாகக் காய்வதற்குக் கிடைப்பது தை முதல் சித்திரை வரையிலான சில மாதங்கள்தான்.

அதனால் சீசன் தொடங்கிய கொஞ்ச நாளில் தென்காசி வட்டாரத்துத் தெருக்களில் இப்படி ஒரு பேச்சு காதில் விழும்.

"அண்ணாச்சி, வாசக் கதவு புடிச்சுக்கிட்டு சாத்த மாட்டேங்குது. வந்து கொஞ்சம் சீவி விட்டுட்டுப் போங்களேன்."

"இப்பம் சீவ வேண்டாம் தாயி. தை பொறக்கட்டும். அதுவா சரியாயிரும்."

இந்த அண்ணாச்சி வேலைக்குச் சோம்பிச் சொல்லவில்லை. ஆடியில் இறுகும் கதவை ஆடியிலேயே இழைப்புளி போட்டுச் சீவினால், பங்குனியில் அந்தக் கதவுக்கும் நிலைக்கும் நடுவே விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி விழும். பல்லி என்ன, எலிக்குஞ்சே உள்ளே வரும். அனுபவமுள்ள ஆசாரி ஈரக் காலத்தில் கதவின் மேல் உளி வைக்கத் தயங்குவார். அப்படியே ஆக வேண்டும் என்றால், எந்த இடத்தில் உரசுகிறதோ அங்கே மட்டும் இரண்டு இழை எடுப்பார். எடுத்த இடத்தில் வெறும் மரத்தை விடாமல் எண்ணெயோ வார்னிஷோ தொட்டுவிடுவார்.

இதற்குப் பின்னால் இருக்கும் கணக்கு சுவாரஸ்யமானது. மரம் என்பது மெல்லிய குழாய்களை அடுக்கிக் கட்டிய கட்டு மாதிரி. வெட்டிய பிறகும் அது காற்றிலிருந்து ஈரத்தை வாங்கும், திருப்பிக் கொடுக்கும். மரத்தின் எடையில் சுமார் 30 சதவீதம் வரை ஈரம் ஏறும்போது, அது குழாய்களின் சுவர்களுக்குள் போய் உட்கார்ந்து சுவரையே உப்ப வைக்கும். அதற்கு மேல் வரும் தண்ணீர் குழாயின் நடுவே தங்குமே தவிர, மரத்தை மேலும் உப்ப வைக்காது. நீளவாக்கில் மரம் கிட்டத்தட்ட நீளுவதே இல்லை. அகலவாக்கில்தான் எல்லா ஆட்டமும். அதிலும் வளையங்களை ஒட்டிய திசையில் ஏற்படும் மாற்றம், நடுவிலிருந்து வெளியே போகும் திசையில் ஏற்படுவதைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. பலகை வளைவதும் முறுக்குவதும் இதனால்தான்.

மூன்றடி அகலத்துக்குப் பலகைகளைச் சேர்த்துச் செய்த கதவு ஒரு சதவீதம் உப்பினாலே 9 மில்லிமீட்டர் ஆகிறது. தாழ்ப்பாள் விழாமல் போக இது போதாதா? பழைய வீடுகளில் கதவை ஒரே பலகையாகச் செய்யாமல், சட்டம் கட்டி, அதன் காடிக்குள் பலகையைச் செருகி, ஆணியோ பசையோ போடாமல் விட்டதற்குக் காரணம் இதுதான். பலகை உள்ளுக்குள்ளேயே உப்பும், சுருங்கும். சட்டத்தின் அளவு பெரிதாக மாறாது. அந்தக் காடியைப் பசை போட்டு அடைத்துவிட்டு, "பழைய மரம் ஐயா, வெடித்துவிட்டது" என்று மரத்தின் மேல் பழி போடுவது நம் காலத்து வழக்கம்.

ஐந்தில் ஒன்று வண்ணம்

இந்த ஊரில் ஈரத்தோடு நடக்கும் பெரிய போராட்டத்தைப் பார்க்க வேண்டுமானால், பேரருவிக் கூட்டத்தை விட்டு, குற்றாலநாதர் கோயிலிலிருந்து சற்றுத் தள்ளி நடக்க வேண்டும். அங்கே தெப்பக்குளத்தின் முன்னால் தனியாக நிற்கிறது சித்திர சபை.

நடராஜர் ஆடிய சபைகள் ஐந்து என்பது நம் வீட்டுப் பெரியவர்களுக்கு மனப்பாடம். சிதம்பரத்தில் பொற்சபை, மதுரையில் வெள்ளி சபை, திருநெல்வேலியில் தாமிர சபை, திருவாலங்காட்டில் இரத்தின சபை, குற்றாலத்தில் சித்திர சபை. முதல் நான்கின் பெயரையும் பாருங்கள். பொன், வெள்ளி, செம்பு, ரத்தினம். மழையில் நனைந்தாலும் கரையாத பொருள்கள். ஐந்தாவது மட்டும் வண்ணம். இங்கே நடராஜர் உலோகத் திருமேனியாக இல்லை. சிவகாமி உடனிருக்க, சுவரில் ஓவியமாக ஆடுகிறார். சுற்றுச் சுவர்களிலும் தெய்வ வடிவங்கள், திருவிளையாடல் காட்சிகள் என்று ஓவியங்கள் நிறைந்திருக்கின்றன.

தமிழ்நாட்டிலேயே ஈரத்துக்குப் பேர் போன ஊரில், தண்ணீர் பட்டால் அழிந்துபோகும் ஒரு சுவாமியை வைத்தது யார் யோசனையோ! அபிஷேகம் என்ற பேச்சுக்கே இடமில்லை. எதிரே குளம், பின்னால் மலை, தலைக்கு மேல் சாரல். நடுவே ஓவியம்.

கட்டியவர்கள் இதை யோசிக்காமல் இல்லை என்பதற்குச் சாட்சி அந்தக் கூரை. தஞ்சை, மதுரைப் பக்கத்துக் கோயில்களின் தட்டையான கல் தளம் இங்கே இல்லை. சரிவான கூரை. மரச் சட்டங்கள், அவற்றின் மேல் செப்புத் தகடு. மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்துக் கோயில்களையும், இந்தப் பக்கம் தக்கலை அருகே இருக்கும் பத்மநாபபுரம் அரண்மனையையும் பார்த்தவர்களுக்கு இந்தச் சரிவு புதிதல்ல. விழும் தண்ணீர் ஒரு நொடிகூடத் தங்காமல் வழுக்கிப் போக வேண்டும், சுவரை விட்டுத் தள்ளிப் போய் விழ வேண்டும் என்பதே அதன் வேலை. இங்கிருந்து கொஞ்ச தூரத்தில் உள்ள செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர், திருக்கொச்சி ஆட்சிப் பக்கம்தான் இருந்தது. ஆட்சி எல்லை மாறலாம், மழைக்கு ஏது எல்லை? மழை ஒன்றாக இருக்கும் இடத்தில் கூரையும் ஒன்றாகிவிடுகிறது.

ஆனால் செப்பும் மரமும் சேர்ந்த கூரைக்கு அதற்கே உரிய வியாதிகள் உண்டு. வெயிலில் தகடு விரியும், இரவில் சுருங்கும். மரமோ வெயிலில் சுருங்கும், ஈரத்தில் விரியும். இரண்டும் எதிரெதிராக இழுத்துக்கொண்டே இருந்தால், இணைப்புகளும் ஆணித் துளைகளும் வருடத்துக்கு ஒரு நூல் அளவு பெரிதாகும். தகட்டின் அடிப்பக்கம் குளிர்ந்த இரவில் வியர்க்கவும் செய்யும். மழையே பெய்யாமல் மரத்தின் மேல் சொட்டு விழுவது இப்படித்தான். சாரலுக்கு இன்னொரு குணமும் இருக்கிறது. அது மேலிருந்து மட்டும் விழாது, காற்றோடு பக்கவாட்டில் வரும். சன்னல் திறந்திருந்தால் சுவரையே தொடும்.

ஓவியத்தை அழிப்பது நேராக விழும் தண்ணீரைவிட, மெதுவாக ஊறும் தண்ணீர்தான். சுண்ணாம்புச் சாந்துக்குள் ஊறும் ஈரம், அதிலுள்ள உப்பைக் கரைத்துக்கொண்டு வெளியே வரும். சுவர் காயும்போது ஈரம் போய்விடும், உப்பு தங்கிவிடும். அந்த உப்பு பளிங்காக வளர்ந்து, வண்ணத்தைப் பின்னாலிருந்து தள்ளும். ஒருநாள் செதில் செதிலாக உதிரும். காய்ந்த பிறகு பார்ப்பவர்களுக்கு, "மழையே இல்லையே, ஏன் உதிர்கிறது?" என்று குழப்பமாக இருக்கும்.

சித்திர சபை ஓவியங்களும் காலப்போக்கில் மங்கின, சில இடங்களில் உதிர்ந்தன. பிறகு மூலிகை வண்ணங்களைக் கொண்டு அவற்றைப் புதுப்பித்தார்கள். எண்ணெய் வண்ணத்தையும் எமல்ஷனையும் அடித்துப் பளபளப்பாக்கிவிடாமல், பழைய முறையைத் தேடிப் போனது பெரிய காரியம். நம் ஊர்க் கோயில்களில் புதுப்பிப்பு என்ற பெயரில் எத்தனை ஓவியங்கள் வெள்ளையடிப்புக்குள் போயிருக்கின்றன என்று யோசித்தால் அதன் அருமை புரியும். பிளாஸ்டிக் கலந்த வண்ணத்தில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. அது சுவரின் மூச்சை அடைத்துவிடும். ஊறிய ஈரம் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே தங்கி, சாந்தோடு சேர்த்துப் பெயர்த்துவிடும்.

மார்கழித் திருவாதிரைத் திருவிழாவில் இந்தச் சபைக்கு உயிர் வரும். பச்சை சாத்தித் தாண்டவ தீபாராதனை, பிறகு ஆருத்ரா தரிசனம் என்று கூட்டம் நிறையும். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்தும் ஓயாத நேரம் அது. தீபாராதனையின் வெளிச்சம் ஓவியத்தின் மேல் விழும்போது, தூக்கிய திருவடி நிஜமாகவே அசைவது போல இருக்கும்.

காய வைத்தாலும் கெடும்

தண்ணீர் மரத்துக்கு எதிரி என்று முடிவு கட்டுவதற்கு முன் ஒரு கப்பலின் கதை. 1628 ஆகஸ்ட் 10 அன்று ஸ்வீடனின் ஸ்டாக்ஹோம் துறைமுகத்தில் 'வாசா' என்ற போர்க்கப்பல் முதல் பயணத்திலேயே கவிழ்ந்தது. 1961-ல் அதை வெளியே எடுத்தபோது, 333 ஆண்டுகள் தண்ணீருக்குள் கிடந்தும் ஓக் மரக் கப்பல் பெரும்பாலும் முழுசாக இருந்தது. அங்கே கடல் குளிர்ந்தது, உப்பு குறைவு. அதனால் மரத்தைத் துளைக்கும் கப்பல் புழு அங்கே பிழைப்பதில்லை. அடியில் காற்றும் குறைவு.

எடுத்த பிறகுதான் உண்மையான ஆபத்து. அப்படியே வெயிலில் விட்டிருந்தால் மரம் சுருங்கி, வெடித்து, சிராய்க் குவியலாகியிருக்கும். அதனால் மரத்துக்குள் இருந்த தண்ணீரின் இடத்தில் பாலிஎத்திலீன் கிளைக்கால் என்ற மெழுகு போன்ற பொருளை ஏற்ற, 17 ஆண்டுகள் தெளித்துக்கொண்டே இருந்தார்கள்.

இதிலிருந்து குற்றாலத்துக்கு என்ன செய்தி? மரம் எப்போதும் தண்ணீரில் கிடந்தால் பிழைக்கும். எப்போதும் காய்ந்திருந்தால் பிழைக்கும். நனைந்து நனைந்து காய்வதுதான் அதைக் கொல்லும். குற்றாலம் கொடுப்பது இந்த மூன்றாவதை. ஈரம் 20 சதவீதத்தைத் தாண்டி நீடித்தால் பூஞ்சை வேர் பிடிக்கும். பூஞ்சை மெத்தென்று ஆக்கிய இடத்துக்குக் கரையானும் வந்து சேரும்.

தேர்கள் இதற்குக் கண்முன் இருக்கும் உதாரணம். ஆண்டு முழுக்கத் தெருவோரத்தில் நிற்கும். இலுப்பை, தேக்கு, வேங்கை போன்ற வைரம் பாய்ந்த மரங்களாகப் பார்த்துத்தான் செய்வார்கள். முன்பு கீற்று வேய்ந்து மூடினார்கள், இப்போது தகரக் கொட்டகைகள் வந்துவிட்டன. இதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. நான்கு பக்கமும் காற்றுப் போகாமல் அடைத்த கொட்டகை, திறந்த வெளியைவிட மோசம். மழை உள்ளே வராது. ஆனால் உள்ளே போன ஈரமும் வெளியே வராது. பல ஊர்த் தேர்களுக்குத் திருச்சி பெல் நிறுவனம் செய்து கொடுத்த இரும்புச் சக்கரங்கள் வந்த பிறகு தேரை நிறுத்துவது எளிதாகிவிட்டது. ஆனால் இரும்பும் ஈர மரமும் ஒட்டும் இடத்தில் மை போலக் கறுப்பு படர்வதை எந்தத் தேரிலும் பார்க்கலாம். மரத்தின் துவர்ப்புச் சத்தும் துருவும் சேர்ந்து உண்டாக்கும் கறை அது. பழைய காலத்தில் கடுக்காயும் அன்னபேதியும் சேர்த்து மை காய்ச்சியதும் இதே வித்தையில்தான்.

நிலைப்படியில் ஒரு பாண்டியன்

குற்றாலத்திலிருந்து தென்காசி நகரம் ஐந்தாறு கிலோமீட்டர்தான். 2019 நவம்பர் 22 முதல் இது தனி மாவட்டத்தின் தலைநகர். காசி விஸ்வநாதர் கோயில் கோபுர வாசலில் நின்றால் பொதிகைக் காற்று ஆளைத் தள்ளும். அந்தக் காற்றுக்காகவே வாசலில் உட்கார்ந்திருக்கும் பெரியவர்களைப் பார்க்கலாம்.

15-ம் நூற்றாண்டில் இந்தக் கோயிலைக் கட்டியவர் அரிகேசரி பராக்கிரம பாண்டியன். கட்டிவிட்டு அவர் செய்த ஒரு காரியம் வேறு அரசர்களிடம் அதிகம் பார்க்க முடியாதது. இந்தக் கோயிலுக்குப் பிற்காலத்தில் ஏதாவது பழுது வந்தால், அதைச் சரி செய்து காப்பாற்றுகிறவர் யாராக இருந்தாலும் அவரை இப்போதே பணிகிறேன் என்ற பொருளில் ஒரு பாடலைக் கல்லில் வெட்டி வைத்தார். இடித்தால் சாபம் என்று எழுதிய கல்வெட்டுகள் ஏராளம். பழுது பார்ப்பவனுக்கு அரசன் முன்கூட்டியே வணக்கம் சொல்லி வைத்த கல்வெட்டு எத்தனை இருக்கும்?

பாண்டியன் பயந்தபடியே கோபுரம் பின்னாளில் சிதைந்து, தலைமுறை தலைமுறையாக மொட்டையாக நின்றது. டாக்டர் சிவந்தி ஆதித்தனார் முன்னின்று நடத்திய திருப்பணியில் 9 நிலைகளோடு, சுமார் 180 அடி உயரத்துக்கு மீண்டும் எழுந்து, 1990-ல் கும்பாபிஷேகம் கண்டது. பாண்டியனின் அந்த வணக்கம் வந்து சேர 500 ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருக்கிறது.

நம் வீட்டு மரத்துக்கு

கோபுரமும் தேரும் இருக்கட்டும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென்மாவட்டங்களில் கொட்டிய மழையை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கும் மேல் பதிவானது. தாமிரபரணிக் கரையில் எத்தனையோ வீடுகளில் கட்டிலும் பீரோவும் பூஜை அலமாரியும் மிதந்தன. தண்ணீர் வடிந்ததும் பலர் செய்த முதல் வேலை, எல்லாவற்றையும் தூக்கி மொட்டை மாடி வெயிலில் போட்டது. நல்ல மரச் சாமான்களைப் பொறுத்தவரை அது இரண்டாவது வெள்ளம்.

நனைந்த மரத்தை முதலில் நல்ல தண்ணீரால் சேறு போகக் கழுவி, துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். பிறகு நிழலில், காற்றோட்டமான இடத்தில் வைக்க வேண்டும். தரையோடு தரையாக வைக்காமல் அடியில் நாலு குச்சியோ செங்கல்லோ கொடுத்தால் கீழேயும் காற்றுப் போகும். இழுப்பறைகள் உப்பி மாட்டிக்கொண்டிருந்தால் பிடித்து இழுத்து உடைக்காதீர்கள். பின்பக்கப் பலகையைக் கழற்றி உள்ளே காற்றுப் போக விடலாம், காய்ந்ததும் தானாக வரும். பலகையின் இரண்டு முனைகள்தான் சீக்கிரம் காய்ந்து வெடிக்கும். அங்கே கொஞ்சம் மெழுகு தடவினால் வெடிப்பு குறையும். தடித்த மரம் உள்வரை காய வாரங்கள் ஆகும், மாதங்களும் ஆகலாம். மேலே காய்ந்ததைப் பார்த்து உடனே வார்னிஷ் அடித்தால், உள்ளே ஈரத்தைப் பூட்டி வைத்ததாகிவிடும்.

வெள்ளையாகப் பூஞ்சை பூத்திருந்தால் முகத்தில் மாஸ்க் கட்டிக்கொண்டு, வெளியே எடுத்துப்போய்த் துலக்குங்கள். குழந்தைகளையும் ஆஸ்துமா உள்ளவர்களையும் பக்கத்தில் விட வேண்டாம். ஆணியைச் சுற்றிய கறுப்புக் கறைக்கு பாலிஷ் வேலைக்காரர்கள் ஆக்ஸாலிக் ஆசிட் தூளைக் கரைத்துப் போடுவார்கள். கறை போகும், ஆனால் அது விஷம். கையுறை இல்லாமல் தொடக் கூடாது, சமையலறைப் பக்கம் வைக்கவே கூடாது. தெரிந்தவரிடம் கொடுத்துச் செய்வது நல்லது.

எண்ணெய் விஷயத்தில் நம் வீடுகளில் ஒரு தவறு நடக்கிறது. தேங்காய் எண்ணெய் மரத்தில் காய்ந்து படலமாகாது. பிசுபிசுவென்று நின்று தூசியைப் பிடித்துக்கொள்ளும். மரத்துக்கு வேண்டியது காய்ந்து இறுகும் எண்ணெய். கடைகளில் கிடைக்கும் ஆளிவிதை எண்ணெய் அந்த வகை. கன்னியாகுமரி, கேரளப் பக்கத்தில் முந்திரிக்கொட்டை எண்ணெயை உத்தரத்துக்கும் படகுக்கும் பூசுவார்கள். தோலில் பட்டால் புண்ணாகிவிடும் என்பதால் அது கைதேர்ந்தவர்கள் வேலை. ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டுவிடாதீர்கள். அது காயும்போது சூடாகி, தானாகவே தீப்பிடிக்கும். விரித்துக் காய வைத்துவிட்டு அப்புறம் எறியுங்கள்.

இதெல்லாம் நிஜ மரத்துக்கு. பிளைவுட்டும் பார்ட்டிகிள் போர்டும் வெள்ளத்தில் ஒருமுறை பொரி மாதிரி உப்பினால் அவ்வளவுதான், எந்த ஆசாரியாலும் மீட்க முடியாது. ஈரம் அதிகமுள்ள ஊரில் புது வீட்டுக்கு வேலை செய்கிறவர்கள் கணக்குப் போடும்போது இதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

போகிறவர்களுக்கு

தென்காசிக்குச் சென்னை, மதுரை, திருநெல்வேலியிலிருந்து ரயில் இருக்கிறது. அங்கிருந்து குற்றாலத்துக்கு டவுன் பஸ் அடிக்கடி கிடைக்கும். சீசனில் பேரருவியிலும் ஐந்தருவியிலும் வெள்ளம் கூடினால் குளிக்கத் தடை போடுவார்கள். 2024 மே மாதம் பழைய குற்றால அருவியில் திடீர் வெள்ளம் ஒரு சிறுவனின் உயிரைப் பறித்தது. அதனால் போலீஸ் விசில் ஊதினால் வாக்குவாதம் வேண்டாம்.

தடை போட்ட அந்த இரண்டு மணி நேரம்தான் சித்திர சபைக்குப் போக ஏற்ற நேரம். ஈரத் துணியோடு உள்ளே போகாமல், தலையைத் துவட்டிக்கொண்டு போங்கள். சுவரில் கை வைக்காதீர்கள், ஃபிளாஷ் போட்டுப் படம் எடுக்காதீர்கள். கொஞ்ச நேரம் சும்மா நின்றால், கூரையில் சாரல் விழும் சத்தம் கேட்கும். ஓவியத்தில் இருப்பவர் அதைக் கேட்டுக்கொண்டே ஆடுகிறார்.